தையலுக்குள் போன இரண்டெழுத்து

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருதமுனைச் சாறன் துண்டில் சுற்றிக் கிடைத்தது. போன மாதம் என் மாமா மீராமுகைதீன் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "மருமகன், நீங்க எழுதுற ஆள்தானே. இத எழுதிப் போடுங்க" என்றார். பக்கத்தில் தன் கூர்க்கத்தியையும் வைத்தார். கத்தி எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

துண்டுக்குள் ஒரு கிறிஸ்தவப் புத்தகம். மட்டை புதிது, தாள்கள் வெள்ளத்தில் ஊறிக் காய்ந்தவை. தமிழ்ப் புத்தகத்துக்குத் தைத்த முதுகு இடப்பக்கம் இருக்கும். இதற்கு வலப்பக்கம் இருந்தது.

நான் முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதில் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்போம். வேதக்காரரின் புத்தகங்களைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஒன்றும் தெரியாது. தெரிந்ததை மட்டும் பதிவேட்டில் எழுத ஊரில் விதானையார் இருக்கிறார்.

முதல் வரி இப்படி வந்தது:

"கல்முனைக் கடலின் அலைகள் அன்று சோகமாக—"

அடித்துவிட்டேன். கடலுக்கு என்ன சோகம்? சோகம் அன்னப்பிள்ளைக்கு. அடுத்தது இப்படி வந்தது:

"1957 மார்கழி வெள்ளத்தில் சேதமான வீடுகள் மொத்தம்—"

இது பத்திரிகைக்காரர் வேலை. இதையும் அடித்தேன். கதையைப் பின்னாலிருந்து தொடங்கலாமா என்றும் பார்த்தேன். புத்தகமே பின்னாலிருந்துதானே திறக்கிறது. ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளே கல்லெறிவார்கள். ஆகவே நேராகச் சொல்கிறேன்.

2

அன்னப்பிள்ளைக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் மோசம்போய், அதாவது செத்து, பதினாறு வருஷம். ஒரே பிள்ளை மேபல். கல்முனையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் பின்வளவில் குடியிருந்தார்கள். மேபல் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பித்தாள். வியாழக்கிழமை பின்னேரங்களில் ஐந்தாறு பெண்கள் அவர்கள் விறாந்தையில் கூடி வேதம் வாசிப்பார்கள். வேதத்தோடு சேர்த்து வாசிக்க ஒரு துணைப்புத்தகமும் வேண்டும், விளக்கமோ தியானமோ ஏதோவொன்று. அதைத் தெரிந்தெடுப்பது மேபலின் பொறுப்பு.

அவள் தெரிந்தெடுத்த விதம் தனி. புத்தகம் நல்லதா என்று யாராவது கேட்டால், "ஆருக்கு?" என்று திருப்பிக் கேட்பாள். அதற்குப் பதில் தெரியாமல் ஒரு புத்தகத்தையும் விறாந்தைக்குக் கொண்டுவர மாட்டாள். முதலில் தான் வாசிப்பாள். வாசித்துக்கொண்டே போகையில் எந்தத் தாளில் மனம் தெளிகிறதோ அந்தத் தாளின் வெளி ஓரத்தில் பென்சிலால் ஒரு தீர்ப்பு எழுதுவாள். ஒரு புத்தகத்துக்கு ஒரு தீர்ப்புத்தான். "இதைப் பாக்கியத்துக்குக் கொடுக்க வேண்டும்." அல்லது, "இதைப் பாக்கியத்துக்குக் கொடுக்க வேண்டாம், மாசி கழியட்டும்."

பாக்கியம் பக்கத்து வளவுக்காரி. அவள் புருஷன் ஒரு மாசியில் கோமாரிப் பக்கம் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அந்த "வேண்டாம்" அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏன் பிள்ள, எனக்கு வேணாமெண்டு எழுதியிரிக்கா? எனக்கு விளங்காதெண்டா?"

"இல்லக்கா. இத எழுதின மனிசன் ரெண்டாம் பக்கத்திலயே கண்ணத் துடைக்கச் சொல்றார். நீங்க இன்னும் அழுது முடியல்லத்தானே."

பாக்கியம் அன்றைக்கு அழுது முடித்தாள் என்று எழுத ஆசைதான். அவள் அழவில்லை. வீட்டுக்குப் போய் மீன் கழுவினாளாம்.

[இடைக்குறிப்பு: மேபலை நான் கண்டதில்லை. செத்த பெண்ணைப் பற்றி எழுதும்போது பேனை தானாக அவளைக் குற்றமில்லாத அவுலியாவாக்கிவிடும். ஆகவே இதையும் சொல்லிவைக்கிறேன்: அவளுக்குப் பொல்லாத வாய். தலைமை ஆசிரியர் மெச்சிக் கொடுத்த தடித்த தியானப் புத்தகம் ஒன்றைக் குசினிக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தாள். "இதால ஆருக்குப் பிரயோசனம்?" என்று அன்னப்பிள்ளை கேட்டதற்கு, "கதவுக்கு" என்றாளாம்.]

3

இந்தப் பகுதியை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். நாலாம் தரம் சுருக்கமாக எழுதுகிறேன்.

மார்கழிக் கடைசியில் வெள்ளம் வந்தது. புத்தகப் பெட்டி இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. அன்னப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடியும் வெள்ளத்தோடு போனது. பதினொரு புத்தகங்களில் பத்து கூழாகிவிட்டன. மிஞ்சியது மேபல் பாதி வாசித்திருந்த ஒன்று. அதன் மட்டையும் போய்ப் பெயர்த்தாளும் போய், முதுகைத் தண்ணீர் தின்று, தாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்றிருந்தன. அதன் பெயர் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. துக்கப்படுகிறவர்களுக்கான தியானங்கள் என்பது மட்டும் வாசித்தால் விளங்கும்.

தண்ணீர் வடிந்த கையோடு மேபலுக்குக் காய்ச்சல் கண்டது. பாயில் கிடந்தபடியே ஈரத்தாள்களைப் பிரித்துச் சுளகில் பரப்பிக் காயவைத்தாள், வாசித்தாள். கையில் பென்சில் இருந்தது. தை மாதம் இருபத்திரண்டாம் திகதி காலையில் பிள்ளை செத்தது.

இதற்கு மேல் அழகாக எழுத எனக்கு வரவில்லை. வந்தாலும் இந்த இடத்தில் எழுதக் கூடாது.

4

அடக்கம் முடிந்து பத்தாம் நாள் போதகர் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், நல்லவர். வெள்ளத்தில் புத்தகங்களை இழந்த சபைகளுக்கு நாலு நாலு புத்தகம் இனாமாகத் தருகிறார்களாம். நீளமான பட்டியல் ஒன்றை அன்னப்பிள்ளையின் மடியில் வைத்தார்.

"இனி நீங்கள்தான் இதிலை நாலைத் தெரிஞ்செடுக்க வேணும், அம்மா. பங்குனிக்குள்ளை அனுப்பினால் போதும்."

"எனக்குத் தெரியாது, ஐயா. அது மேபல்ர வேலை."

"எல்லாம் நல்ல புத்தகங்கள்தான். நல்ல புத்தகம் எல்லாருக்கும் நல்லது."

"மேபல் அப்பிடிச் சொல்லமாட்டாள்" என்றாள் அன்னப்பிள்ளை. போதகர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு சுளகிலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினாள். நடுவில் ஒரு தாளின் வலது ஓரத்தில் பென்சில் கோடுகள். மையென்றால் வெள்ளத்தில் கரைந்திருக்கும். பென்சில் அப்படியே நிற்கும். அதுவும் இது வெள்ளத்துக்குப் பிறகு எழுதியது. எறும்பு ஊர்ந்த மாதிரித்தான் தெரிந்தது. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள், வெயிலில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் ஒரெழுத்தும் பிடிபடவில்லை.

பாக்கியம், "தாங்கக்கா, நான் வாசிச்சுச் சொல்றன்" என்றாள்.

"வேணாம் பாக்கியம். அது மேபல் கடைசியா எழுதினது. என்ர கண்ணால பாக்கோணும். கண்ணாடி வரட்டும்."

ஐயோ, இந்த இடத்தில் நான் கதைக்குள் இறங்கி அன்னப்பிள்ளையின் கையைப் பிடித்திருப்பேன். கொடுத்துவிடு, வாசிக்கட்டும் என்று சொல்லியிருப்பேன். எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரம் இல்லை. நடந்ததை மாற்றினால் மாமாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மட்டக்களப்பிலிருந்து கண்ணாடி வரப் பங்குனியாகும் என்றார்கள். அதற்குள் ஒருநாள் வாடைக்காற்று இரண்டு தாளைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டது. பென்சில் தாள் பறந்திருந்தால் அன்னப்பிள்ளை என்ன செய்வாள்? மறுநாள் காலையில் எல்லாத் தாளையும் சேலைத்துண்டில் கட்டிக்கொண்டு சாய்ந்தமருதுக்கு நடந்து வந்தாள், புத்தகம் கட்டும் என் மாமா மீராமுகைதீனிடம்.

5

மாமாவைப் பற்றி நான் நடுநிலையாக எழுத முடியாது. என்னைத் தோளில் சுமந்தவர். இருந்தாலும் முயல்கிறேன்.

ஊரில் குர்ஆனும் நபிபுகழ் பாடும் மவ்லிது கிதாபுகளும் கட்டுகிறவர் அவர். அறபுத் தமிழ் கடகடவென்று வாசிப்பார். தமிழ்ச் சொல்லை அறபெழுத்தில் எழுதுவது அது, வலமிருந்து இடமாகப் போகும், அதனால் அந்தப் புத்தகங்களுக்கு முதுகு வலப்பக்கம். தமிழெழுத்து மட்டும் தெரியாது. பள்ளிக்கூடப் புத்தகங்களும் கட்டியிருக்கிறார், அவற்றை இடப்பக்கம்தான் கட்டினார். ஆகவே அவர் தெரியாமல் செய்தார் என்று சொல்லித் தப்ப முடியாது.

"எத்தினையோ நாளா யோசிச்சன், மருமகன்" என்று என்னிடம் சொன்னார். "பள்ளிக்கூடப் புத்தகமெண்டா இடப்பக்கம். இது அல்லாஹ்வப் பத்தின கிதாபு. அந்தப் புள்ளயும் மவுத்தாப் போச்சு. குர்ஆனுக்குக் குடுக்கிற மரியாதய இதுக்கும் குடுக்கோணுமெண்டு நெனச்சன். கைகால் கழுவி வுழூ எடுத்துத்தான் தொட்டன். இடப்பக்கம் பழுதாக் கெடந்த, வலப்பக்கம் நல்லா இரிந்த. கிதாபெண்டா வலப்பக்கம்தானே."

மரியாதையால் வந்த பிழை இது. அலட்சியத்தால் வந்திருந்தால் ஏசிவிட்டுப் போகலாம்.

தைத்தது மாமி றுகையா. மருதமுனை நெசவு நூலை முறுக்கி, மெழுகு பூசி, நெருக்கமாகத் தைத்தாள். தைத்த பக்கத்தில் மாமா பசையை ஊறவிட்டு அழுத்தினார். வெள்ளத்துத் தாள் இனி எந்தக் காற்றுக்கும் பறக்காது என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

6

பங்குனியில் கண்ணாடி வந்தது. புத்தகத்தையும் மாமாவே கொண்டுபோய்க் கொடுத்தார், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. அன்னப்பிள்ளை வாங்கிப் பழக்கப்படி திறந்தாள். கடைசிப் பக்கம் வந்தது.

அவள் சிரித்துவிட்டாள். பிள்ளை செத்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு என்று விறாந்தையில் நின்ற பாக்கியம் சொன்னாள்.

"காக்கா, இதென்ன, புத்தகம் பிறத்தால தொடங்குது."

"ஏன் தங்கச்சி, பிழையா?"

"பரவாயில்ல. திருப்பிப் பிடிச்சா வாசிக்கலாம்."

எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். அன்றுவரை அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்க மாமாவுக்குப் பெருமைதான்.

சிரிப்போடேயே தாள்களைப் புரட்டிப் பென்சில் தாளைத் தேடினாள், கண்டெடுத்தாள். ஓரத்தை விரித்துப் பார்த்தாள், பிறகு இன்னும் விரித்தாள். புதுத்தையல் இறுகிக் கிடந்தது, விட்டுக்கொடுக்கவில்லை. குறுகலான ஓரத்தில் மேபல் துண்டு துண்டாக எழுதியிருந்தாள். கடைசி வரி மட்டும் கொஞ்சம் நீளம்.

இதை
அம்மா
வுக்குக்
கொடுக்க
வேண்

அத்தோடு தையல். மிச்சம் இரண்டெழுத்து நூலுக்கும் பசைக்கும் உள்ளே போய்விட்டது. 'டும்' ஆகவும் இருக்கலாம், 'டாம்' ஆகவும் இருக்கலாம்.

"காக்கா, இந்த நூல அவுக்க ஏலுமா?"

"ஏன் தங்கச்சி?"

சொன்னாள். மாமாவுக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் குனிந்து தையலை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"அவுத்தா ஓரம் கிழியும். வெள்ளத்தில ஊறின தாள், பசையும் குடிச்சிரிக்கு. அந்த எழுத்து தாளோட வந்தாலும் வரும். பொடியாப் போனாலும் போகும். நான் பொய் செல்ல மாட்டன்."

அன்னப்பிள்ளை புத்தகத்தை மூடினாள். "அப்ப கொஞ்சம் யோசிப்பம்" என்றாள்.

"எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்று பழமொழி இருக்கிறது. கட்டினவனைப் பற்றி ஒன்றும் இல்லை. மாமா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை.

7

இந்தக் கதையில் இங்கே ஒரு காட்சி இருந்தது. மறுநாள் றுகையா மாமி தனியாகக் கல்முனைக்குப் போகிறாள். அன்னப்பிள்ளையின் முன்னால் நின்று, "நான் தைக்கக்குள்ள கண்டன். அம்மா எண்டு மட்டும் எழுத்துக்கூட்டி வாசிச்சன். மத்தது எனக்கு வாசிக்கத் தெரியாது" என்கிறாள். இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

அதை எடுத்துவிட்டேன். மாமி போகவில்லை. கண்டது உண்மை, வாசித்ததும் உண்மை. என்னிடம் சொல்லியிருக்கிறாள். போக வெட்கமாக இருந்ததாம். "அம்மா எண்டு கண்டும் ஊசியக் குத்தினவள் என்ன மொகத்தோட போற?" என்று கேட்டாள். நான் எழுதிய காட்சியை வாசித்துக் காட்டியபோது, "நல்லாத்தான் இரிக்கு. ஆனா நான் போகல்லயே" என்று முந்தானையால் முகத்தை மூடினாள்.

அன்னப்பிள்ளையிடம் திரும்புவோம். அந்தக் கிழமையே புதுக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போதகரின் பட்டியலை எடுத்தாள். ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்து, மேபலைப் போலவே "ஆருக்கு?" என்று கேட்டாள். பாக்கியத்துக்கு ஒன்று கிடைத்தது. சங்கீதங்களுக்கு எளிய விளக்கம் ஒன்று, கண் மங்கிய கிழவி ஒருத்திக்காக, எழுத்துப் பெரிதாக இருக்குமென்று பட்டியலில் போட்டிருந்தது. இளம்பெண்கள் இருவருக்குமாக மூன்றாவது. நாலாவது வரியில் தனக்கு என்று ஒன்று எழுத வேண்டும். அதை வெறுமையாக விட்டு அனுப்பினாள்.

போதகர் கேட்டார். "என்ர புத்தகத்தை மேபல் தெரிஞ்செடுத்துப்போட்டாள், ஐயா" என்றாள். "தரவோ வேணாமோ எண்டதுதான் தெரியல்ல."

அது ஏன் அவ்வளவு பெரிய காரியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளைக்குத் தான் சாகப்போவது தெரிந்திருக்கலாம். துக்கப்படுகிறவர்களுக்கான புத்தகத்தைச் சாகிற படுக்கையில் வாசித்துத் தன் தாய்க்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறாள். 'வேண்டும்' என்றால், அம்மா, இதை வாசித்து ஆறுங்கள் என்று அர்த்தம். 'வேண்டாம்' என்றால், இந்த மனிசனின் ஆறுதல் உங்களுக்குக் காணாது, நீங்கள் அழுங்கள் என்று அர்த்தம். அன்னப்பிள்ளைக்கு ஆறவும் அனுமதியில்லை, அழவும் அனுமதியில்லை. நடுவில் நின்றாள்.

8

முடிவுகள்.

முதலாவது: நூலை அறுக்கிறார்கள். 'டும்' என்று வருகிறது. அன்னப்பிள்ளை முழுப் புத்தகத்தையும் வாசித்து மனம் தேறி, வியாழக்கிழமைக் கூட்டத்தை மறுபடி நடத்துகிறாள். கொழும்புப் பத்திரிகைகள் இதைத்தான் விரும்பும்.

இரண்டாவது: 'டாம்' என்று வருகிறது. அவள் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, முதல் தடவையாகச் சத்தம்போட்டு அழுகிறாள். எனக்கு இது பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால் சந்தேகமாகவும் இருக்கிறது.

மூன்றாவது: ஓரம் பொடியாகிப் போகிறது. மாமா அந்தப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு— இல்லை, இதை எழுத மாட்டேன்.

நடந்தது இவை ஒன்றுமில்லை. அன்னப்பிள்ளை அறுக்கச் சொல்லவேயில்லை. யோசிப்பம் என்றவள் ஒன்றரை வருஷம் யோசித்தாள். இந்த ஆவணியில் அவளும் மோசம்போனாள். செத்த வீட்டு எட்டாம் நாள் பாக்கியம் புத்தகத்தைக் கொண்டுவந்து மாமாவிடம் கொடுத்தாள். "காக்காட கையில குடுக்கச் சொன்னா. காக்காவில கோவமில்லயாம்" என்றாள்.

கோபம் இருந்திருந்தால் மாமா பிழைத்துக்கொண்டிருப்பார். கோபமில்லை என்ற சொல்தான் அவரை எங்கள் வீட்டுக்கு நடத்திக் கொண்டுவந்தது. "அறுத்துப் பாருங்க, மருமகன். எனக்குக் கை ஏலா. என்ன எழுதியிரிக்கெண்டு மட்டும் செல்லுங்க." கத்தி வந்த காரணம் இதுதான்.

9

கத்தி இன்னும் மேசையில் இருக்கிறது. நான் அறுக்கவில்லை.

அதற்குப் பதிலாகத் தாள் தாளாகப் புரட்டிப் பார்த்தேன். வாசித்த புத்தகத்தில் கைபட்ட அழுக்கு இருக்கும். வாத்தியாருக்கு அது தெரியும். இந்தப் புத்தகத்தின் தாள்கள் எல்லாம் சுத்தம். விரலடையாளம் இல்லை, எண்ணெய்க் கறை இல்லை. ஒன்றரை வருஷத்தில் அன்னப்பிள்ளை அதில் ஒரு தியானத்தையும் வாசிக்கவில்லை.

ஒரேயொரு தாளைத் தவிர. அந்தத் தாள் பழைய துணி மாதிரி மெலிந்துபோயிருக்கிறது. ஓரத்தில் 'அம்மா' என்ற எழுத்து விரல் தேய்த்துத் தேய்த்துக் கிட்டத்தட்ட அழிந்துவிட்டது. 'வேண்' மட்டும் தையலுக்குப் பக்கத்தில் விரல் எட்டாமல் கிடப்பதால் கறுப்பாக நிற்கிறது. அவள் நாளும் அந்தத் தாளைத் திறந்து அதைத் தடவியிருக்கிறாள். அவ்வளவுதான் அவள் வாசித்த புத்தகம்.

இது மாமாவுக்குத் தெரியாது. எனக்கும், இப்போது உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

அறுக்கிற உரிமையை உங்களுக்குத் தருகிறேன். கூரான கத்தி, பார்த்துப் பிடியுங்கள். டும் என்றோ டாம் என்றோ நீங்கள் கண்டால் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இப்போது வேறு கவலை.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மாமா வருவார், எழுதினதை வாசிக்கச் சொல்வார். அவருக்குத் தமிழெழுத்துத் தெரியாது. நான் எதை வாசிக்கிறேனோ அதுதான் அவருக்குக் கதை. ஒன்பதாம் பகுதியை விட்டுவிட்டு வாசிக்கலாம். கோபமில்லை என்ற இடத்தில் நிறுத்தலாம். அல்லது அந்தத் தேய்ந்த தாளையும் அவர் கையில் கொடுத்து முழுதையும் சொல்லலாம். அவர் தைக்கக் கொடுத்த பக்கத்தில் ஒரு தாய் ஒன்றரை வருஷம் விரல் வைத்திருந்தாள் என்பதைக் கேட்டு அவர் ஆறுவாரா, உடைவாரா, எனக்குத் தெரியவில்லை. கதை நல்லதா என்று கேட்டுக்கொண்டே எழுதினேன். மேபல் இருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

பென்சில் எடுத்தேன். இந்தத் தாளின் ஓரத்தில், அவள் எழுதிய மாதிரியே எழுதிப் பார்க்கிறேன்:

இதை
மாமா
வுக்குச்
சொல்ல
வேண்